ஆர்த்தோ முடித்துவிட்டு கை அறுவை சிகிச்சைக்குப் போகலாமா? ராமநாதபுரத்தில் தொழில் நடக்குமா?

மண்டபம்_பிஜி:
வணக்கம். எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யூனிட்டில் எல்லாரும் மூட்டு மாற்று, ஆர்த்ரோஸ்கோப்பி (மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) என்றே பேசுகிறார்கள். எனக்குக் கைதான் பிடித்திருக்கிறது. "விரலைத் தைத்து எவன் வீடு கட்டினான்" என்கிறார் அப்பா. படித்துவிட்டு ஊர்ப் பக்கமே இருக்க ஆசை. எந்த வழியில் போகலாம்? கேஸ் வருமா?

கைமருத்துவர்:
தம்பி, நானும் நம்ம கடற்கரைதான். ஆர்த்தோ வழியாகவே கைக்கு வந்தேன்.

படிப்பு: எம்.எஸ். முடித்தபின் எஃப்.என்.பி. என்ற ஃபெல்லோஷிப்பில் கை மற்றும் மைக்ரோசர்ஜரி (மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் நுண் அறுவை சிகிச்சை) 2 வருடம். எம்.சி.எச். என்ற உயர்பட்டம் என்றால் 3 வருடம், அதற்கு நீட் எஸ்.எஸ். நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், இடங்கள் சொற்பம். சென்னை ஸ்டான்லி, கோவை கங்கா இரண்டு மருத்துவமனைகளையும் நேரில் பார்த்துவிட்டு முடிவெடு. ஸ்டான்லியில் பேராசிரியர் வெங்கடசாமி உருவாக்கிய கைப்பிரிவு பிளாஸ்டிக் சர்ஜரியோடு சேர்ந்தது. அதனால் கை ஆர்த்தோவுக்கா, பிளாஸ்டிக் சர்ஜரிக்கா என்ற பேச்சு உன் காதிலும் விழும். எலும்புக்குக் கம்பி போடுகிறவன் தோல் மூடவும், ஒரு மில்லிமீட்டர் ரத்தக்குழாயை மைக்ரோஸ்கோப்பில் தைக்கவும் கற்றுக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

கேஸுக்குப் பஞ்சமில்லை. விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் ரோப்போடு சுற்றிய கை, ஐஸ் உடைக்கும் மெஷினில் போன விரல், திருக்கை முள், தூண்டில். முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு சீமைக்கருவேல முள் மூட்டுக்குள் ஒடிந்திருக்கும். எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தேடு. மீனில் புழங்கும் கையில் மாதக்கணக்கில் வீக்கம் என்றால் மைக்கோபாக்டீரியம் மெரைனம் என்ற கிருமி ஞாபகத்துக்கு வர வேண்டும். 30 டிகிரியில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வைக்கும்படி லேபில் சொல், 37-இல் சரியாக வளராது.

ஒன்றில்தான் எனக்கு வயிறு எரிகிறது. படகில் ஐஸ் நிறைய இருப்பதால் அறுந்த விரலை நேராக ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். விரல் உறைந்து கெட்டுவிடுகிறது. ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்தால் 12 மணி நேரம் கழித்தும் ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு. நீ ஊருக்கு வந்தால் ஆபரேஷனுக்கு முன்னால் இதைத்தான் ஜெட்டி ஜெட்டியாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

கடல்பாசி எடுக்கும் ஓர் அக்கா வந்தார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள், பாறை அதையும் கிழித்துவிட்டது. முதலில் பார்த்த இடத்தில் தோலை மட்டும் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். உள்ளங்கையை மேலே காட்டி மேசையில் வைக்கச் சொன்னேன். மற்ற விரல்கள் லேசாக மடங்கியிருக்க, ஆட்காட்டி விரல் மட்டும் நீட்டி நின்றது. மடக்கும் தசைநார் இரண்டும் போயிருந்தன. அன்றே பார்த்திருந்தால் ஒரே ஆபரேஷன். இப்போது சிலிக்கான் குழாய் வைத்து, மூன்று மாதம் பொறுத்து, முன்கையிலிருந்து நார் எடுத்துப் போட வேண்டியதாயிற்று. தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம், கண்ணால் பார்த்தாலே தெரிகிற விஷயம் இது! ஊருக்குள் ஒருவர் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வருமானம் மூட்டு மாற்று அளவுக்கு வராது. முதல் சில வருடம் எலும்பு முறிவும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்பாவிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடு.

ஃபிசியோ_உச்சிப்புளி:
சார் சொன்னதோடு ஒன்று. நார் தைத்த கைக்கு ஆறு வாரம் ஸ்பிளின்ட் (கையை அசையாமல் தாங்கும் பட்டை), 12 வாரம் வரை ரோப் இழுக்கக் கூடாது. கடன் வாங்கித் தொழில் பார்க்கிறவர்கள் அவ்வளவு நாள் நிற்க மாட்டார்கள். அதனால் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன்களை மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-ஐ ஒட்டியே வைத்துவிடச் சொல்வேன். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, ஆள் ஒழுங்காகப் பயிற்சிக்கு வருவார். மிச்ச வாரங்களுக்கு வீட்டம்மாவிடம் பேசிவைத்தால் போதும்.

மண்டபம்_பிஜி:
நன்றி அண்ணே, நன்றி சார். மைக்ரோஸ்கோப், மயக்க மருந்து டாக்டர் எல்லாம் இல்லாமல் சிறிய ஊரில் ஆரம்பிக்க முடியுமா?

கைமருத்துவர்:
முடியும். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போட்டு, டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்தக் கையில் கட்டும் பட்டை) இல்லாமல், ஆள் விழித்திருக்கும்போதே கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது), டிரிக்கர் விரல் (மடக்கிய விரல் மாட்டிக்கொள்வது), நார் தையல் எல்லாம் செய்யலாம். தைத்ததும் "விரலை மடக்குங்க" என்று சொல்லி மேசையிலேயே பார்த்துக்கொள்ளலாம். லூப் (கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி) ஒன்று நல்லதாக வாங்கு. மைக்ரோஸ்கோப் அப்புறம். அதற்கு முன்னால் கைக்கென்று பழகிய ஃபிசியோ ஒருவரைப் பிடி. மேலே எழுதியிருக்கிறாரே, அவரிடமே முதலில் பேசு.