டிரைபாட்ல கேமரா தலை தொங்குது, எது வாங்கலாம்? (அவசரம்)

பொருநைக்கரை | வியாழன், இரவு 9:12

வணக்கம். போன மாசம் வாங்குன டிரைபாட் சரியில்ல. நல்லா இறுக்கிப் பூட்டுனாலும் கேமரா மெதுவா கீழ இறங்குது. படமெல்லாம் ஷேக். பெட்டில 8 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. எதை வாங்கினா இந்தப் பிரச்சினை வராது? ஞாயித்துக்கிழமை விடியக்காலைல கூந்தன்குளம் போறோம், அதுக்குள்ள வேணும். சீக்கிரம் சொல்லுங்க.

இருட்டறை | இரவு 9:20

எந்த கேமரா, எந்த லென்ஸ்? டிரைபாட் மேல கேமராவைத் தாங்குற தலை, பந்துல சுழல்ற பால் ஹெட்டா, கைப்பிடி வச்ச பான் ஹெட்டா? எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்?

மலைப்பாதை | இரவு 9:31

கார்பன் ஃபைபர் வாங்குங்க, வேற யோசனையே வேண்டாம். அலுமினியம் காத்தடிச்சா அதிர்ந்துக்கிட்டே இருக்கும், கார்பன்ல அதிர்வு சீக்கிரம் அடங்கும். கிட்சோ கம்பெனி 1994லயே கார்பன் கால் கொண்டு வந்தாச்சு. நான் அகத்தியமலைப் பக்கம் ஏறும்போதெல்லாம் கார்பனால முக்கால் கிலோ குறையுறதோட அருமை தெரியும்.

சிறகு | இரவு 9:44

கூந்தன்குளம்னா பறவைதான். பறவைக்கு ஜிம்பல் தலைதான். பால் ஹெட்டைத் தூக்கி ஓரமா வைங்க. ஜிம்பல்ல லென்ஸை முன்னப்பின்ன தள்ளி நிலைக்குக் கொண்டு வந்துட்டா, கையை எடுத்தாலும் விட்ட இடத்துலயே நிக்கும். ஒரு விரலால திருப்பலாம்.

மூத்த கண்ணாடி | இரவு 10:05

தம்பி, மூணு நாள்ல பயணத்தை வச்சுக்கிட்டு வியாழக்கிழமை ராத்திரி வந்து "எது வாங்கலாம்"னு கேட்டா என்ன சொல்றது? கேமரா பேர் இல்ல, லென்ஸ் பேர் இல்ல. டாக்டர்கிட்ட போய் "வலிக்குது, மருந்து கொடுங்க"ன்னா கொடுப்பாரா? காலும் தலையும் ரெண்டு தனித்தனிப் பொருள்ங்கிறதையே இங்க முக்கால்வாசிப் பேர் புரிஞ்சுக்கிறதில்ல. இந்தக் கேள்வி இங்க நூறு தடவை வந்தாச்சு, பழைய இழைகளைப் படிச்சுட்டு வாங்க.

பொருநைக்கரை | இரவு 10:18

மன்னிக்கணும். நிக்கான் டி7500, 200-500 மி.மீ. ஜூம் லென்ஸ். பால் ஹெட், அலுமினியம் கால், நாலு மடிப்பு. 15,000 வரை பார்க்கலாம். பந்தை எவ்வளவு இறுக்கினாலும் 500ல வச்சா இறங்குது. கேமராவோட வந்த கிட் லென்ஸ் போட்டா ஒண்ணும் ஆகல.

உப்புக்காத்து | இரவு 10:26

எதை வாங்கினாலும் கால் மடிப்பை நீட்டிப் பூட்டறதுக்குத் திருகு லாக் வேண்டாம், கிளிப் லாக் எடுங்க. மணப்பாடு கடற்கரைல அலையை நீள எக்ஸ்போஷர்ல எடுக்கப் போய், ஒரே சாயங்காலத்துல என் திருகு லாக்குக்குள்ள மணல் ஏறிடுச்சு. திருப்புறப்போ நரநரன்னு சத்தம். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு காலா கழட்டினா, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் வளையத்துல மணல் அப்பி உப்பு பூத்துக் கிடந்தது.

மலைப்பாதை | இரவு 10:33

கிளிப் லாக் புதர்ல, பை வார்ல மாட்டித் தானா திறந்துக்கும். எனக்கு ஒரு கால் அப்படியே மடிஞ்சிருக்கு. திருகு லாக்தான் கச்சிதம்.

மூத்த கண்ணாடி | இரவு 10:41

கடல்தண்ணில இறக்கினா எந்த லாக்கா இருந்தாலும் அன்னிக்கே நல்ல தண்ணில கழுவி, கால்களை விரிச்சு நிழல்ல காயவைக்கணும். அதுகூடச் செய்யாம லாக்கைக் குறை சொல்றது எந்த நியாயம்? கூடவே, அலைக்குள்ள நிறுத்துறப்போ அடி மடிப்பை முதல்ல முழுசா நீட்டணும். அப்பதான் லாக் தண்ணிக்கு மேல நிக்கும். நாம வழக்கமா செய்யறதுக்கு இது நேர் தலைகீழ்.

உப்புக்காத்து | இரவு 10:47

ஐயா, கழுவாம விட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. கழுவறதுக்குக் கழட்டினப்போதான் பார்த்தேன். ஆனா அடி மடிப்பு விஷயம் எனக்குத் தெரியாது, அதுக்கு நன்றி.

ஈர மணல் | இரவு 10:55

அந்த லென்ஸ்ல கைநடுக்கத்தைச் சரிபண்ற விஆர் இருக்குதானே? டிரைபாட் எதுக்கு? ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏத்தி 1/1000 நொடில கைல பிடிச்சு எடுக்கலாம். இல்லைனா கார் ஜன்னல்ல அரிசிப் பை. ஒரு துணிப்பைல ரெண்டு கிலோ அரிசி போட்டு வாயைத் தைச்சுட்டா, அதுக்கு ஈடா எதுவும் வராது.

சிறகு | இரவு 11:02

ஒரு மணி நேரம் அந்த லென்ஸைத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. கூட்டுல குஞ்சு எப்ப வாயைத் திறக்கும்னு காத்துக்கிட்டு இருக்கறப்போ கை எப்படித் தாங்கும்? விஆர் கைநடுக்கத்தைப் பிடிக்கும், தோள்வலியைப் பிடிக்காது.

இருட்டறை | இரவு 11:09

பொருநைக்கரை, ஒரே ஒரு கேள்வி, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தலைல பூட்டறதுக்கு அடியில மாட்டுற பிளேட்டை எங்க மாட்டியிருக்கீங்க? கேமரா அடியிலயா, லென்ஸ்ல இருக்கிற காலர்லயா?

பொருநைக்கரை | வெள்ளி, காலை 6:50

கேமரா அடியில. காலர்னா லென்ஸ்ல வளையமா வருமே, கீழ ஒரு பாதம் வச்சு, அதுவா? பையில இடிச்சுதுன்னு வாங்கின அன்னிக்கே கழட்டி லென்ஸ் பெட்டிக்குள்ள போட்டுட்டேன்.

இருட்டறை | காலை 7:35

அப்ப இன்னிக்கு ஒண்ணும் வாங்காதீங்க. முதல்ல அந்தப் பெட்டியைத் திறங்க.

உங்க லென்ஸ் காலர் இல்லாம கிட்டத்தட்ட 2.1 கிலோ. கேமரா பேட்டரியோட 720 கிராம். கேமராவோட அடியில மாட்டினா அந்த ரெண்டு கிலோ முழுசும் தலைக்கு முன்னால அந்தரத்துல நிக்குது. 500க்குச் சுத்தினா லென்ஸ் இன்னும் நீளும், பாரம் இன்னும் முன்னால போகும். தண்ணிக் குடத்தை இடுப்புல வச்சா ஊருக்கே நடக்கலாம். அதே குடத்தைக் கை நீட்டிப் பிடிச்சா பத்து எண்ணறதுக்குள்ள கை இறங்கிடும். பெட்டில போட்ட 8 கிலோ, பாரம் தலைக்கு நேர் மேல இருந்தா வர்ற கணக்கு. அதையும் எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி அளக்கிறதில்ல. இதுல லென்ஸ் மவுண்ட்டும் சேர்ந்து பாரம் சுமக்குது, அதுக்கும் நல்லதில்ல.

காலரைப் போட்டா 2.3 கிலோ ஆகும். எடை கூடுது, ஆனா பாரம் தலைக்கு நேர் மேல வந்துடும், தொங்காது. பிளேட்டைக் காலர் பாதத்துல மாட்டுங்க, நீளவாக்கு லென்ஸ் போற திசைல இருக்கட்டும். திருகாணியை நகத்தால இறுக்காம காசு வச்சு இறுக்குங்க. பிளேட் துளி அசைஞ்சாலும் தலை தொங்குற மாதிரியேதான் தெரியும்.

500ல உங்க சென்சாருக்கு மேலிருந்து கீழ வரைக்கும் தெரியறது 1.8 டிகிரிதான். தலை அரை டிகிரி இறங்கினா படத்தோட உயரத்துல கால் பங்குக்கு மேல நகர்ந்துடும். நடுவுல வச்ச நாரை ஓரத்துக்குப் போயிடும். கிட் லென்ஸ்லயும் அந்தப் பந்து கொஞ்சம் இறங்கியிருக்கலாம், உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது.

போட்டு முடிச்சதும் இதைச் செஞ்சு பாருங்க. 500ல தூரத்துல ஒரு கம்பத்தையோ ஓட்டு விளிம்பையோ வச்சு, கேமராவோட பின்பக்கத் திரைல லைவ் வியூ போட்டு முழுசா ஜூம் பண்ணிக்கிட்டு, டிரைபாட் காலை விரலால ஒரு தட்டு தட்டுங்க. ஆட்டம் அடங்க எத்தனை நொடி ஆகுதுன்னு எண்ணுங்க. அடுத்து நடுத்தண்டை முழுசா ஏத்தி இன்னொரு தட்டு. வித்தியாசத்தைப் பார்த்தீங்கன்னா அப்புறம் நடுத்தண்டைத் தூக்கவே மாட்டீங்க. நாலாவது மடிப்புதான் ஒல்லி, அதைக் கடைசியா நீட்டுங்க. தலையைப் பூட்டி எடுத்தா விஆரை அணைச்சுடுங்க, தளர்த்தி விட்டுப் பறவையோட திருப்பினா போட்டுக்கலாம்.

மூத்த கண்ணாடி | காலை 8:10

இதைத்தான் நான் நேத்தே சொன்னேன். அடிப்படை தெரியாம பொருள் வாங்கக் கூடாது.

உப்புக்காத்து | காலை 8:22

காலரைப் பத்தி நேத்து யாருமே பேசலையே ஐயா, நாங்க எல்லாரும் லாக்குலதான் நின்னோம். தம்பி, இன்னொண்ணு: பந்து இறுகலைன்னோ சத்தம் வருதுன்னோ எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க. தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஒரு நல்ல தலையை நானே கெடுத்திருக்கேன். பிடிமானமே போயிடுச்சு.

மலைப்பாதை | காலை 8:40

சரி, காலர் போடட்டும். ஆனா ஒரு வருஷத்துல கார்பனுக்குத்தான் வருவாரு. தடிச்ச கால், மூணு மடிப்பு, நடுத்தண்டே இல்லாதது.

சிறகு | காலை 8:52

15,000ல நல்ல கார்பன் காலும் வராது, நல்ல ஜிம்பலும் வராது, ரெண்டும் சேர்த்துக் கேட்டா எப்படி? அலுமினியக் கால் இருக்கட்டும். காசைத் தலைல போடுங்க. வாங்கறப்போ பிளேட்டைக் கவ்விப் பிடிக்கிற ஆர்கா வகை கிளாம்ப் பாருங்க, பிளேட் அகலம் 38 மி.மீ. கணக்குல வரும். காலருக்கு நீளமான பிளேட்டா எடுத்தா முன்னப்பின்ன தள்ளி நிலைப்படுத்தலாம். உங்க காலோட மேல்முனை 3/8 இன்ச் திருகாணியா, 1/4 இன்ச்சான்னு பார்த்துட்டுத் தலை வாங்குங்க. மலிவான காலா இருந்தா தலையே கழலாது, அதையும் பாருங்க.

வயக்காடு | மதியம் 1:15

அண்ணாச்சி, கூந்தன்குளத்துல ஊருக்குள்ள மரத்துல எல்லாம் கூடு இருக்கும். அந்தச் சனங்க பறவையைப் பிள்ளை மாதிரி பாக்கறவங்க. வீட்டு வாசலை மறிச்சு டிரைபாடை விரிச்சுடாதீங்க, கேட்டுட்டு ஓரமா வைங்க. கூட்டுக்கு நேர் கீழயும் நிக்க வேண்டாம்.

பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 8:47

காலர் போட்டேன். தொங்கல. வரித்தலை வாத்து ஒரு கூட்டம் கிடைச்சது, கண்ணு வரைக்கும் ஷார்ப். வேற எதுவும் வாங்கல. எல்லாருக்கும் நன்றி, இருட்டறை அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

இருட்டறை | இரவு 9:03

சந்தோஷம். தட்டிப் பார்த்தீங்களா? எத்தனை நொடி ஆடிச்சு? அதைச் சொன்னா காலை மாத்தணுமா, தலையை மாத்தணுமான்னு சொல்லிடலாம்.

சிறகு | செவ்வாய், காலை 7:18

வாத்துப் படத்தைப் போடுங்க, ஷட்டர் வேகத்தோட.