பாபிலோன் 5: போரைத் தடுக்க முடியாத நிலையத்தில் தூதர்கள் எதற்கு?

கேட்டவர்: இரவுப்பறவை

‘பாபிலோன் 5’ என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் சீசனில் 9ஆவது எபிசோடை நேற்று முடித்தேன். முதல் சீசன் மெதுவாகத்தான் போனது, இப்போது விட மனசில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பூமிக்கும் மின்பாரிகள் என்ற வேற்றுக்கிரக இனத்துக்கும் நடந்த போர் மாதிரி இன்னொன்று வரக்கூடாது என்றுதானே இந்த விண்வெளி நிலையத்தைக் கட்டினார்கள்? முதல் மூன்று நிலையங்கள் நாசவேலையில் போயின. நான்காவது இயங்கத் தொடங்கிய 24 மணி நேரத்தில் காணாமலே போனது. அப்படியும் விடாமல் ஐந்தாவதைக் கட்டி, தூதர்களைக் கூட்டிவைத்து, கடைசியில் நார்ன்கள், சென்டாரிகள் என்ற இரண்டு வேற்றுக்கிரக இனங்களும் போருக்குப் போய்விட்டன. இனி நார்ன் தூதர் ஜிகாரும் சென்டாரித் தூதர் லோண்டோவும் அதே சபையில் உட்கார்ந்து என்ன பயன்?

பதில்: வடக்குவீதி

தொடரின் ஆசிரியர் ஸ்ட்ராசின்ஸ்கியே அதை மறைக்கவில்லை. மூன்றாம் சீசனின் தொடக்கக் குரல், அமைதிக்கான முயற்சி தோற்றுவிட்டது என்று நேராகவே சொல்லும். அவர் மொத்தக் கதையையும் ஐந்து சீசனுக்கு யோசித்து வைத்தவர். 110 எபிசோடுகளில் 92 அவர் எழுதியவை. தொடர்ந்து பாருங்கள்.

பதில்: மலர்விழி

சபையை விட்டுவிட்டு நடைபாதைகளையும் லிஃப்டையும் பாருங்கள். எனக்கு அதுதான் இந்தத் தொடர்.

நிலையம் ஐந்து மைல் நீளம், இரண்டரை லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆனால் தூதர்களுக்கு ஒதுங்கிப் போக இடமில்லை. நம் ஊரில் இரண்டு குடும்பத்துக்குச் சண்டை வந்தால் ஒருவர் வேறு தெருவுக்குக் குடிபோகலாம். இங்கே வெளியே வெற்றிடம். எதிரி நாட்டின் தூதர் காலையில் அதே நடைபாதையில் எதிரே வருவார். கொன்றவர்களும் இழந்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். பேச்சுவார்த்தை என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

நீங்கள் நேற்றுப் பார்த்த எபிசோடிலேயே இருக்கிறது. சென்டாரிப் பேரரசர் நார்ன்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார் என்று தெரிந்ததும் ஜிகார் லோண்டோவைத் தேடிப் போய் மது வாங்கித் தருகிறாரே, அந்த இடம். நார்ன்கள்மீது சென்டாரிகள் நடத்தும் தாக்குதலுக்குத் தான்தான் வழி செய்தோம் என்பது லோண்டோவுக்குத் தெரியும். ஜிகாருக்குத் தெரியாது.

(இதே சீசனின் 21ஆவது எபிசோடு பற்றி அடுத்த பத்தி. பார்க்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.)

லோண்டோவின் உதவியாளர் வீர் லிஃப்டில் நிற்கிறார். ஜிகார் ஏறுகிறார். அதற்குள் நார்ன் தேசமே வீழ்ந்துவிட்டது. வீர் நல்ல மனிதர், நடந்ததில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. தயங்கித் தயங்கி, வருந்துகிறேன் என்கிறார். ஜிகார் கத்தியை எடுத்துத் தன் உள்ளங்கையைக் கீறிக்கொள்கிறார். ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழ, ஒவ்வொரு சொட்டுக்கும் இறந்தவன், இறந்தவன் என்று எண்ணுகிறார். இவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய் என்கிறார். வீரால் முடியாது. அப்படியானால் தன்னாலும் மன்னிக்க முடியாது என்று சொல்லி இறங்கிப் போய்விடுகிறார். நாலு சுவருக்குள் இரண்டே பேர். 2009இல் விடுதி அறையில் ஒரு தோழியின் டிவிடியில் முதல் தடவை பார்த்தேன். அன்றைக்கு அடுத்த எபிசோடைப் போட எங்கள் இருவருக்குமே கை வரவில்லை.

ஜிகாராக வரும் ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ் அவ்வளவு ஒப்பனைக்குள்ளிருந்து கண்ணாலும் குரலாலும் மட்டும் நடித்தார். 2006இல் காலமானார். இன்னொன்றும் மனதில் வையுங்கள்: மின்பாரித் தூதர் டெலெனாக வரும் மீரா ஃபர்லான், 1991இல் யுகோஸ்லாவியா போரில் உடைந்தபோது நாட்டைவிட்டு வந்தவர். போர் பற்றி அவர் பேசும் வசனங்களை நான் சும்மா கேட்டுவிட்டுப் போவதில்லை.

பதில்: வடக்குவீதி

லிஃப்ட் என்றதும் நினைவு வருகிறது, மூன்றாம் சீசனில் ஜிகாரும் லோண்டோவும் சேர்ந்தே ஒன்றில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

இரவுப்பறவை:

நன்றி மலர்விழி. அந்த ஒரு பத்தியைத் தாண்டிவிட்டேன், பார்த்துவிட்டு வந்து படிக்கிறேன். மது வாங்கித் தரும் காட்சியை மட்டும் இப்போது திரும்பப் போட்டேன். நேற்று ஜிகாரின் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், லோண்டோவின் முகத்தைக் கவனிக்கவே இல்லை.