ஐ5-2500கே: 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றலாமா, அப்படியே விடலாமா?

ஆல்பம்காரன்:
வீட்டில் இருப்பது 2011 கடைசியில் அசெம்பிள் செய்த சிஸ்டம். இன்டெல் கோர் ஐ5-2500கே ப்ராசஸர், இசட்68 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்3, ஒரு எஸ்எஸ்டி. கல்யாண ஆல்பம் வேலை செய்கிறேன். ரா படங்களை (கேமரா தரும் பதப்படுத்தாத கோப்புகள்) ஜேபெக்காக எக்ஸ்போர்ட் போட்டால் சிப்பின் நான்கு கோரும் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) நூறு சதவீதத்தில் நின்றுவிடுகின்றன. இது மல்டிப்ளையர் (அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கி வேகத்தைத் தரும் எண்) திறந்த சிப், 4.5 வரை கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம் என்கிறார்கள் நண்பர்கள். கூலர், சிப்போடு பெட்டியில் வந்த அதே அலுமினிய கூலர்தான். புது சிஸ்டம் இந்த வருடம் முடியாது. ஏற்றலாமா?

கடிகாரவேகம்:
தாராளமாக ஏற்றலாம் அண்ணா. ஓவர்க்ளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, இவ்வளவு இடம் கொடுத்த சிப்கள் குறைவு. இன்டெல் இதற்குப் போட்ட அடிப்படை வேகம் 3.3, டர்போவில் (ஒரு கோர் மட்டும் ஓடும்போது தானாக ஏறும் வேகம்) 3.7. ஆனால் 32 நானோமீட்டரில் செய்த இந்த சான்டி பிரிட்ஜ் சிப்பில் பெரும்பாலானவை நல்ல டவர் கூலர் இருந்தால் 4.5 வரை போகும். மேலே இருக்கும் உலோக மூடியை சிலிக்கானோடு ஈயப்பற்று வைத்து ஒட்டியிருக்கிறார்கள், அதனால் சூடு சட்டென்று வெளியே வருகிறது. அடுத்து வந்த ஐவி பிரிட்ஜில் அந்த இடத்தில் வெறும் பேஸ்ட் வைத்தார்கள். அதை ஏற்றும்போது சூடு எகிறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கையில் இருப்பதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். பெட்டி கூலரை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள்.

வோல்ட்மீட்டர்:
"4.5 வரை போகும்" என்பது 2011இல் புதிதாக வாங்கிய சிஸ்டத்துக்குச் சொன்ன பேச்சு தம்பி. இப்போது அந்த போர்டின் கெப்பாசிட்டர்களுக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைக்கும் வயது என்ன என்று பாருங்கள்.

கணக்கைச் சொல்கிறேன். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் கூடும். 3.3இலிருந்து 4.5 என்றால் வேகம் 1.36 மடங்கு. வோல்டேஜை 1.2இலிருந்து 1.35க்கு ஏற்றினால் அதன் வர்க்கம் ஏறக்குறைய 1.27 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.7 மடங்குக்கு மேல். அத்தனையும் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் (சிப்புக்குப் போகும் வோல்டேஜைச் சீராக்கும் சுற்று) வழியாகத்தான் வர வேண்டும். அறை 25 டிகிரியில் இருக்கும்போது 72 டிகிரி காட்டும் கோர், மே மாதம் அறை 38க்குப் போகும்போது 85 காட்டும். சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் எல்லை 98. எக்ஸ்போர்ட் ஓடும் நேரமெல்லாம் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்பீர்கள்.

என் பெரிய கவலை இதுவும் இல்லை. பிழைப்பு ஓடும் சிஸ்டம் இது. ஓவர்க்ளாக் சரியாக நிற்காவிட்டால் எப்போதும் நீலத்திரை வந்து எச்சரிக்காது. கணக்கில் ஒரு பிட் தவறி, படத்தின் பாதியில் ஒரு பச்சைப் பட்டை விழுந்து, சத்தமில்லாமல் சேமித்துவிடும். எண்ணூறு படத்தில் அந்த ஒன்றை யார் தேடுவது? மணமக்கள் தேடுவார்கள்.

பென்டியம்பெரியவர்:
இடையில் ஒரு வார்த்தை. பழைய பழக்கத்தில் யாரும் இவரை பஸ் வேகத்தை (போர்டின் அடிப்படைக் கடிகாரத்தை) ஏற்றச் சொல்லிவிட வேண்டாம். க்யூ6600 என்ற பழைய இன்டெல் சிப் காலத்தில் பஸ்ஸை 266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 333 ஆக்கினால் 2.4 சிப் அப்படியே 3.0 ஆகிவிடும். சான்டி பிரிட்ஜில் அது நடக்காது. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரம் ஒன்றிலிருந்துதான் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டுகளுக்கான இணைப்பு), சாட்டா (டிஸ்க்குக்கான இணைப்பு) எல்லாமே ஓடுகின்றன. 105ஐத் தாண்டினாலே டிஸ்க் தகராறு செய்ய ஆரம்பிக்கும். மல்டிப்ளையரை மட்டும் தொடுங்கள்.

புதுவரவு_22:
அந்த வருட போர்டுகளில் சாட்டா போர்ட் பழுதாகும் கோளாறு இருந்ததே சார்? இன்டெல்லே திரும்பப் பெற்றதாகப் படித்தேன்.

பென்டியம்பெரியவர்:
அது 2011 ஜனவரிக் கடைசியில் அறிவித்தது. முதலில் வந்த பி67, எச்67 போர்டுகளில் 3 ஜிபிபிஎஸ் போர்ட்கள் நாளடைவில் சோர்ந்துபோகும். இசட்68 வந்தது மே மாதம், திருத்திய சிப்செட்டோடு. இவருக்கு அந்தக் கவலை இல்லை.

கடிகாரவேகம்:
வோல்ட்மீட்டர் அண்ணா, உங்கள் கணக்கு 4.5க்குச் சரி. அதையே 4.2க்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான 2500கே சிப்கள் 4.2ஐத் தம் இயல்பான வோல்டேஜிலோ அதற்குச் சற்று மேலேயோ தாங்கும். வர்க்கம் என்ற பூதம் அங்கே கிடையாது. வேகத்துக்குத் தகுந்தபடி கால் பங்கு கூடும், அவ்வளவுதான். நான்கு கோரும் ஓடும்போது இந்த சிப் இப்போது 3.4இல்தான் நிற்கிறது. ஒரு மணி நேரம் பிடிக்கும் எக்ஸ்போர்ட் 4.2இல் ஏறக்குறைய 49 நிமிடம், 4.5இல் 45. அந்தக் கடைசி நான்கு நிமிடத்துக்குத்தான் இவ்வளவு சூடும் வோல்டேஜும். அது வேண்டாம் என்று நானும் சொல்வேன். முதல் பதினோரு நிமிடத்தை ஏன் விட வேண்டும்? கரண்ட் பில் பயமும் வேண்டாம். கூடுதலாக 40 வாட், தினம் ஐந்து மணி நேரம் என்றாலும் இரண்டு மாத பில்லில் 12 யூனிட்.

ரிச்சித்தெரு_வாசி:
இருவரும் மெகாஹெர்ட்ஸையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இவருக்குத் தேவை த்ரெட், அதாவது சிப் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள். 2500கேயில் நான்கு கோர், நான்கு த்ரெட். அதே சாக்கெட்டில் ஐ7-3770 உட்காரும்: நான்கு கோர், எட்டு த்ரெட், டர்போ 3.9, அதுவும் 95க்குப் பதில் 77 வாட்டில். பழைய அலுவலக சிஸ்டங்களிலிருந்து கழற்றிய சிப்கள் ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. பெயரில் கே இல்லாத, அதாவது மல்டிப்ளையர் முழுதாகத் திறக்காத சிப்தான், ஆனாலும் இசட்68இல் டர்போவுக்கு மேல் நான்கு படி ஏற்ற இடம் உண்டு. ரா எக்ஸ்போர்ட் எட்டு த்ரெட்டையும் சாப்பிடும்.

ஒன்று மட்டும் கவனம். 3770ஐ அறிந்துகொள்ளும் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) போர்டில் இருக்க வேண்டும். பழைய சிப்பைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸை அப்டேட் செய்யுங்கள், யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

வோல்ட்மீட்டர்:
இதை ஒப்புக்கொள்கிறேன். தயாரித்தவர்கள் சோதித்த வேகத்தில் ஓடும் எட்டு த்ரெட், நாம் சோதித்த வேகத்தில் ஓடும் நான்கைவிட மேல்.

கடிகாரவேகம்:
செகண்ட் ஹேண்ட் சிப் எங்கே, எப்படி ஓடியது என்று யாருக்குத் தெரியும்? இவருடைய 2500கே இவர் கண் முன்னால் ஓடியது. அதை நம்ப மாட்டேன் என்பவர் தெருவில் வாங்கியதை எப்படி நம்புகிறீர்கள்?

ஆல்பம்காரன்:
நிறையத் தெரிந்துகொண்டேன், எல்லோருக்கும் நன்றி. டவர் கூலர் எப்படியும் வாங்கப் போகிறேன், அது இரண்டு வழிக்கும் உதவும். இந்த மாதம் வேலை குறைவு என்பதால் முதலில் 4.2 போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கடிகாரவேகம்:
பெட்டி கூலரைக் கழற்றும்போது மூலைக்கொன்றாக இருக்கும் பிளாஸ்டிக் ஊசிகளை அம்புக்குறிப்படி திருகி, மேலே இழுங்கள். காய்ந்த பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பட்டாணி அளவு புது பேஸ்ட் போதும். பயாஸில் வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள், பல போர்டுகள் ஆட்டோவில் தேவைக்கு மேல் ஊற்றும். ஆஃப்செட்டில் (இயல்பான வோல்டேஜோடு கொஞ்சம் கூட்டும் முறை) வையுங்கள். லோட் லைன் கேலிப்ரேஷனை (வேலை கூடும்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் அமைப்பு) நடு அளவுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். மல்டிப்ளையரை 38, 40, 42 என்று படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள்.

வோல்ட்மீட்டர்:
பிரைம்95 பிழையில்லாமல் ஓடியதும் போதும் என்று எழுந்துவிடாதீர்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்து வீயா-லாகர் 19 என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். சிப் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது என்று அதற்குப் பொருள். ஒன்று இருந்தாலும் ஒரு படி இறக்குங்கள். அப்புறம் ஒரே ஃபோல்டரை சாதாரண வேகத்தில் ஒருமுறையும் 4.2இல் ஒருமுறையும் எக்ஸ்போர்ட் செய்து, இரண்டையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிடும் மென்பொருளில் போடுங்கள். மெமரி கார்டின் நகல் வேறொரு டிஸ்க்கில் போய்ச் சேராமல் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டினாலும், காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு 3770தான் என் பதில். அதில் மாற்றமில்லை.

கடிகாரவேகம்:
என் பதில் 4.2. பிக்சல் ஒப்பீட்டின் முடிவை இங்கேயே போடுங்கள் அண்ணா.