நிலவறையில் ஒரே வடிகட்டும் அமைப்பு: நான்கு கடல்நீர்த் தொட்டிகளை இணைக்கலாமா?

கேள்வி – திருநகர் மீனகம்

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் நாங்கள் கட்டிவரும் வீட்டில், வண்டி நிறுத்துமிடத்தின் கீழே பன்னிரண்டுக்குப் பத்தடி அளவில் ஒரு நிலவறை அமைந்துள்ளது. கூடத்தில் 120×60×60 செ.மீ. அளவில் பவளத் தொட்டி, உணவறையில் 90×45×45 செ.மீ. அளவில் கடற்சாமந்தியும் கோமாளி மீன்களும், அலுவல் அறையில் 120×50×50 செ.மீ. அளவில் சிங்கமீன் போன்ற ஊனுண்ணும் மீன்கள், முதல் மாடியில் என் தந்தையார் அறையில் 60×45×45 செ.மீ. அளவில் சிறு மீன்கள் என நான்கு கடல்நீர்த் தொட்டிகளை வைக்க எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தனியே ஸ்கிம்மர் (கழிவை நுரையோடு பிரிக்கும் கருவி), சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குவதற்குப் பதிலாக, எல்லாவற்றின் நீரையும் நிலவறையில் உள்ள ஒரே பெரிய சம்ப்பிற்கு (வடிகட்டும் கருவிகள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு) இறக்கி, தூய்மையாக்கி, மேலே ஏற்றலாமா? பூச்சு வேலை தொடங்கும் முன் சுவரிலும் தளத்திலும் எங்கெங்கே துளை விட வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லியாக வேண்டும் என்பதால், அனுபவமுள்ளவர்களின் கருத்தை வேண்டுகிறேன்.

மறுமொழி – நெய்தல் நிலன்

வணக்கம் ஐயா. பல தொட்டிகளை ஒரே சம்ப்பில் இணைப்பது நடைமுறையில் இயலக்கூடியதே. மொத்த நீரின் அளவு கூடும்போது உப்புச் செறிவும் வெப்பமும் மெதுவாகவே மாறும். நீர் மாற்றும் வேலையும் கூடத்தை நனைக்காமல் கீழேயே முடிந்துவிடும். ஆனால் அமைப்பு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நிலையை மட்டும் மனத்தில் வைத்து அதை வரையக் கூடாது. மின்சாரம் நின்ற கணத்தில் எவ்வளவு நீர் இறங்கும், குழாய் அடைத்துக்கொண்டால் எவ்வளவு நீர் ஏறும் என்ற இரண்டையும் கணக்கிட்ட பிறகே சம்ப்பின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

பம்பு நின்றதும், ஒவ்வொரு தொட்டியிலும் வழிவாயின் (நீர் வழிந்து வடிகுழாய்க்குள் இறங்கும் இடத்தின்) விளிம்புக்கு மேலே நிற்கும் நீர் முழுவதும் கீழே வந்து சேரும். உங்கள் கூடத்துத் தொட்டியில் 3 செ.மீ. உயரம் இறங்கினாலே அது ஏறத்தாழ 22 லிட்டர். உணவறைத் தொட்டியில் 12, அலுவல் அறையில் 18 லிட்டர். குழாய்களில் நிற்பது இதற்கு மேல். நீர் திரும்பி விழும் குழாயின் வாய் தொட்டிக்குள் 10 செ.மீ. ஆழத்தில் மூழ்கியிருந்தால், கூடத்துத் தொட்டி ஒன்றிலிருந்து மட்டுமே 72 லிட்டர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுவிடும். அதைத் தடுக்க நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே காற்றுத் துளை இடுவார்கள். அத்துளையைப் பாசி அடைத்துவிடும். ஒருவழி வால்வும் சுண்ணாம்பு படிந்து ஒருநாள் மூடாமல் நின்றுவிடும். எனவே இவ்விரண்டையும் நம்பாமல், குழாயின் வாயை மேற்பரப்பை ஒட்டியே வைத்து, இறங்கும் நீர் முழுவதையும் தாங்கும் வெற்றிடத்தைச் சம்ப்பிலேயே விட்டுவிடுங்கள். 400 லிட்டர் சம்ப் என்றால், ஓடும்போது அதில் பாதிக்குச் சற்று மேல் நீர் நின்றால் போதும்.

எதிர்த்திசைக் கணக்கும் இதே அளவுக்கு முக்கியமானது. ஒரு தொட்டியின் வடிகுழாயை நத்தையோ பாசியோ அடைத்துவிட்டால், பம்பு வைத்திருக்கும் அறையின் நீர் முழுவதும் அந்த ஒரு தொட்டிக்குள் ஏறிவிடும். ஆகவே பம்பு அறையைச் சிறியதாகத் தடுத்து, அதன் கொள்ளளவை எந்தத் தொட்டியும் விளிம்பு வழியாமல் ஏற்கும்படி வைக்க வேண்டும். ஆவியான நீரை ஈடுசெய்யும் தானியங்கி அமைப்பு, பம்பு அறையில் நீர் குறைந்ததை ஆவியானதாகத் தவறாகப் புரிந்துகொண்டு நன்னீரைத் தொடர்ந்து ஊற்றும் என்பதால், அதை மொட்டைமாடி நன்னீர்த் தொட்டியின் குழாயோடு ஒருபோதும் நேரடியாக இணைக்காதீர்கள்; அளவான ஒரு வாளியிலிருந்து மட்டுமே அது எடுக்கட்டும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியே இரண்டு வடிகுழாய்கள் சம்ப் வரை வர வேண்டும். ஒன்று நீர் நிரம்பி ஓசையின்றி ஓடும் முதன்மைக் குழாய்; மற்றொன்று அவசரத்திற்கானது. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து காற்றோடு விழும் நீர் இரவில் மிகுந்த ஓசை எழுப்பும். முதன்மைக் குழாயின் அடிப்பகுதியில், சம்ப்பின் அருகே ஒரு கேட் வால்வு வைத்து ஓட்டத்தைச் சரிசெய்தால் அது அடங்கும். இரு தொட்டிகளின் வடிகுழாய்களை நடுவழியில் ஒன்றாக இணைக்கவே கூடாது.

சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து தரைத்தளத் தொட்டியின் விளிம்பு ஏறத்தாழ 4 மீட்டர், மாடித் தொட்டியின் விளிம்பு 7 மீட்டருக்கு மேல் இருக்கும். பெட்டியில் அதிகபட்ச உயரம் 4 மீட்டர் என்று அச்சிட்ட பம்பு, அந்த உயரத்தில் ஒரு சொட்டும் தராது என்பதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்களுக்குத் தேவையான உயரத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் வரும் என்ற வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். தொட்டி நீரைப் போல மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு சம்ப் வழியாகச் சென்றால் போதும். மற்ற நீரோட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே அலைப் பம்புகள் பார்த்துக்கொள்ளும். ஒரே பம்பிலிருந்து கிளை பிரித்தால் நீர் எளிய வழியான தரைத்தளத்திற்கே போய்விடும், மாடிக்கு ஏறாது. அந்தச் சிறிய தொட்டிக்குத் தனி வடிகட்டி வைத்துவிடுவதே மேல். கிணற்றுக்குப் பயன்படும் வார்ப்பிரும்பு மோனோபிளாக் பம்பை விலை கருதி வாங்கிவிடாதீர்கள். உப்புநீரில் இரும்பு அரிக்கும், அதன் பித்தளைப் பாகங்களிலிருந்து கசியும் செம்பு பவளங்களைக் கொன்றுவிடும்.

மறுமொழி – பவளக்கொடி

மேலே உள்ள நீர்க்கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மீன்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் எந்தெந்தத் தொட்டிகள் ஒரே நீரைப் பகிரலாம் என்பதுதான் முதல் கேள்வி. ஒரே சம்ப் என்றால் நான்கு தொட்டிகளும் நோயைப் பொறுத்தவரை ஒரே தொட்டிதான். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, மீனின் உடலை விட்டு இறங்கி மணலிலும் பாறையிலும் உறைகட்டி, அதிலிருந்து நீந்தும் குஞ்சுகளாக வெளிவருகிறது. அந்தக் குஞ்சுகள் குழாய் வழியே எல்லாத் தொட்டிகளுக்கும் செல்லும். புற ஊதா விளக்கு அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்குமேயன்றி முற்றிலும் ஒழிக்காது. இந்நோய்க்கு இடும் செம்பு மருந்தோ பவளம், கடற்சாமந்தி, இறால், நத்தை அனைத்திற்கும் நஞ்சு. ஆகவே இணைந்த அமைப்பில் ஒரு மீனுக்குக்கூட அந்த மருத்துவத்தைச் செய்ய முடியாது. மீன்களையெல்லாம் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றி, பவளத் தொட்டியைப் பத்து வாரங்களுக்கும் மேலாக மீனின்றி வைத்திருக்க நேரிடும்.

எனவே நிலவறையின் ஒரு மூலையில், மற்றெதனோடும் குழாய்த் தொடர்பில்லாத ஒரு தனிமைத் தொட்டியை, அதற்கென்றே ஒதுக்கிய வலையும் வாளியும் உட்பட, உங்கள் வரைபடத்தில் முதலிலேயே குறித்துவிடுங்கள். எந்தக் கடையிலிருந்து வந்தாலும், புதிய மீன் ஒரு மாதமாவது அங்கே இருந்த பிறகே மேலே போகட்டும்.

சிங்கமீன் தொட்டியையும் பவளத்தோடு இணைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஊனுண்ணும் மீன்களுக்கு இடும் இறாலும் மீன்துண்டும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உயர்த்தும்; அம்மீன்கள் அதைத் தாங்கும், கல்பவளங்கள் தாங்கா. இரண்டையும் ஒரே நீரில் வைத்தால், பவளத்திற்காக மீனைப் பட்டினி போடுவதும் மீனுக்காகப் பவளம் நிறம் மங்குவதுமாக நாள்கள் கழியும். கூடம், உணவறை இரண்டும் ஒரே சம்ப்பில் நன்றாக ஒத்துப்போகும். சிங்கமீனுக்கு அதே நிலவறையில் ஒரு சிறிய சம்ப் தனியே இருக்கட்டும். ஆர்.ஓ. கருவி, உப்புக் கரைக்கும் பீப்பாய் ஆகியவற்றை எல்லாத் தொட்டிகளும் பகிரலாம். உங்களுக்குக் குறையும் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மதுரையின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்பதால் ஆர்.ஓ. மட்டும் போதாது, அயனி நீக்கும் பிசினும் சேர்த்து, கரைந்த உப்பு பூஜ்யம் என்று காட்டும் நீரையே பயன்படுத்துங்கள். ஆயிரம் லிட்டருக்கு 35 கிலோவுக்கு மேல் உப்பு தேவைப்படும், ஒப்படர்த்தி 1.025ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

பாறையையோ பவளத்தையோ மண்டபம், இராமேசுவரம் பக்கத்திலிருந்து யாரும் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கல்பவளங்கள் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உலர்பாறையில் நுண்ணுயிரிகளைப் பொறுமையாக வளர்த்தாலே வடிகட்டல் நன்றாக நடக்கும்.

திருநகர் மீனகம்

இருவருக்கும் மிக்க நன்றி. மாடித் தொட்டியையும் சிங்கமீன் தொட்டியையும் பிரித்துவிடுகிறேன். சில்லரை நிலவறையிலேயே வைக்கலாமா என்பதையும், மாற்றிய உப்புநீரை எங்கே விடுவது என்பதையும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையின்போது என்ன செய்வது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி – கட்டுமானப் பொறியாளர், கோச்சடை

சில்லர் நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்ளேயே கொட்டும். மூடிய நிலவறையில் அதை வைத்தால் கத்திரி வெயில் காலத்தில் அது ஓய்வின்றி ஓடியும் நீர் குளிராது. ஆகவே வெளிப்புறச் சுவரை ஒட்டி நிழலில் வைத்து, நீர்க்குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். உட்குழல் டைட்டானியமாக இருக்க வேண்டும்.

கட்டடத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவது ஈரத்திற்காகவும் உப்பிற்காகவும். உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பிகள் துருப்பிடித்துப் பருத்து, தளம் வெடிக்கும். தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் நீர்க்காப்புப் பூச்சு செய்து, தரையைச் சற்றுச் சரித்து ஒரு வடிகுழியும், வெளிக்காற்றுக்கு வழிவிடும் விசிறியும் அமையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலவறைக்குள் நீர் ஊறக்கூடும் என்பதால் சம்ப்பை மேடை மீது ஏற்றி, மின்பெட்டியை மார்பளவுக்கு மேலே பொருத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் முறையான நில இணைப்பும் இன்றி ஒரு பம்பைக்கூட ஓட்டக் கூடாது. இரு வேறு ஆர்.சி.சி.பி.களில் பம்புகளைப் பிரித்தால், ஒன்று துண்டித்தாலும் மற்றொன்று ஓடும்.

உப்புநீரை மழைநீர் சேகரிப்புக் குழியிலோ தென்னைக்கோ விடாதீர்கள்; அது உங்கள் கிணற்றையும் அண்டை வீட்டார் கிணற்றையும் கெடுக்கும். கழிவுநீர்க் குழாயில்தான் விட வேண்டும்.

பராமரிப்பு மின்தடை காலை முதல் மாலை வரை நீடிக்கக்கூடியது. பெரிய பம்பை இன்வெர்ட்டரில் ஓட்டுவது வீண். ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அலைப் பம்பையும், சம்ப்பில் ஒரு காற்றுப் பம்பையும் மட்டும் அதில் இணைத்தால் உயிர்வளி குறையாது. ஈய அமில மின்கலம் மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிவிடும் என்பதால் அதை நிலவறையில் வைக்க வேண்டாம்.

மறுமொழி – நெய்தல் நிலன்

கொத்தனாரிடம் சொல்ல வேண்டியது: ஒவ்வொரு தரைத்தளத் தொட்டிக்கும் இரண்டு வடிகுழாய், ஒரு ஏறுகுழாய் என மூன்று துளைகள், சில்லருக்கு இரண்டு, இவற்றோடு, பின்னாளில் தேவைப்படும் என்று ஓரிரு வெற்றுக் குழாய்கள். துளைகளில் பெரிய குழாயைப் பதித்து அதனுள்ளே நீர்க்குழாயைச் செலுத்தினால், பழுதுபார்க்கத் தளத்தை உடைக்க வேண்டியிராது. பம்பின் இருபுறமும் கழற்றி மாட்டக்கூடிய யூனியன் வால்வு வையுங்கள். உப்பு கரைப்பதற்கு முன், நன்னீரை நிரப்பி ஒரு வாரம் ஓட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, சம்ப்பில் நீர் ஏறி நிற்கும் உச்சியைக் கண்ணாடியில் கோடிட்டுக் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு முதன்மை வடிகுழாயையும் கையால் மூடி, அவசரக் குழாய் தனியே தாங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு சோதனையிலும் தரை உலர்ந்திருந்தால் உப்பைக் கரைக்கத் தொடங்கலாம்.