மகன் போதைப்பொருள் எடுக்கிறானோ என்று சந்தேகம், வழி தெரியவில்லை

மகனுக்கு 16 வயது. 4 மாதமாக ஆளே மாறிவிட்டான். கஞ்சாவோ என்று சந்தேகம், உறுதியாகத் தெரியவில்லை.

மாலையில் வெளியே போய் வந்தால் கண் சிவந்திருக்கிறது. நேராகக் குளியலறைக்குள் போய் அரை மணி நேரம் இருக்கிறான். அப்புறம் அகோரப் பசி. பழைய நண்பர்கள் ஒருவர்கூட இப்போது வருவதில்லை. போன வாரம் துவைக்க எடுத்த ஜீன்ஸ் பையில் கண் சொட்டு மருந்து, பாதி காலி. அவன் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாஷிங் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கத்தினேன், 2 வாரம் போனைப் பிடுங்கி வைத்தேன். தப்புதான். அதிலிருந்து முகம் கொடுத்தே பேசுவதில்லை. அவன் அப்பா பொறுமையாகக் கேட்டார், "பிரண்டோடது" என்றான். அவன் சம்மதத்தோடு சிறுநீர்ப் பரிசோதனை கிட் வாங்கிப் பார்த்தோம். நெகட்டிவ். ஆனால் அதற்கு முந்தைய 5 நாளும் காய்ச்சலில் வீட்டிலேயே கிடந்தான். எப்போதாவது எடுப்பவர்களுக்கு 3 நாளிலேயே தெரியாமல் போகலாம், தினமும் எடுத்தால்தான் வாரக்கணக்கில் காட்டும், பசை, ஒயிட்னர் மாதிரி முகர்வதை இந்த கிட் காட்டவே காட்டாது என்றார் டாக்டர். அவனுக்குத் தெரியாமல் சோதிக்க வேண்டாம், இருக்கிற நம்பிக்கையும் போய்விடும் என்றும் சொன்னார். பள்ளியில் கேட்டால், "வயசு அப்படி" என்கிறார்கள்.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், "நான் என்ன பைத்தியமா?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறான்.

இப்படி மறுத்த பிள்ளையை ஆலோசனைக்கு அழைத்துப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதல் தடவை வர வைக்க என்ன சொன்னீர்கள்?