சொல் வேண்டும்: குளிர் தாங்காத தோட்டப் பனைகளுக்கு

அனுப்பியது: சொல்லடைவுத் தொகுப்பு, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம்.

தோட்டக்கலைச் சொல்லடைவில் பனைக் குடும்பப் பகுதி முடியும் தறுவாயில் இருக்கிறது. ஒரு சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இங்கிலாந்து, கனடா, மெல்பர்ன் என்று போய்க் குடியேறிய நம்மவர்கள் ஊர் நினைப்பில் வீட்டுத் தோட்டத்தில் பனை வகைகளை வைக்கிறார்கள். குளிர் தொடங்கும் முன் மட்டைகளைச் சேர்த்துக் கட்டி, துணி சுற்றி, அடியில் வைக்கோலோ சருகோ பரப்பி, குளிர் போனதும் பிரித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு விண்டர் புரொடெக்‌ஷன். ‘குளிர்காலப் பாதுகாப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். காவல் துறை அறிக்கை மாதிரி இருக்கிறது.

கையில் இருப்பவை: பனிக்காப்பு, உறைபனித் தடுப்பு, குளிர்ப்போர்வை, குளிர்காப்பு. இதோடு குளிர்தாங்கு திறன், குளிர்தாங்காப் பனை என்ற இரண்டையும் சேர்க்க நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

* * *

அனுப்பியது: பட்டர்வொர்த்

ஏர்கோனை விட்டால் நமக்குக் குளிர் ஏது? கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ்தான், அதுவும் 1978 பிப்ரவரியில். உறைபனியைக் கண்ணால் பார்க்காதவர்கள் கூடி அதற்குச் சொல் செய்கிறோம். பனிக்காப்பு என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள். சொல்லும்போதே விளங்குகிறது, சின்னதாகவும் இருக்கிறது.

* * *

அனுப்பியது: ஜார்ஜ்டவுன், பினாங்கு

பட்டர்வொர்த் ஐயாவுக்கு: பார்க்காததற்குச் சொல் கூடாது என்றால் எரிமலையையும் அகராதியிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

எனக்கு வழக்கு ‘பனி’யோடுதான். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, மலையை மறைப்பதும் பனி, இமயத்தில் கொட்டிக் கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதத்தை அதற்கு ஒதுக்கிய மொழி நம்முடையது. ஆனால் அந்த நான்கு மாதத்திலும் தஞ்சாவூரில் குடத்துத் தண்ணீர் உறைந்ததில்லை. சொல்லில் மட்டும்தான் குழப்பம் என்றால் ‘உறைபனி’ என்று முன்னொட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். மரங்களே அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சிவப்புத் தண்டுப் பனையை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் பினாங் ராஜா என்பார்களே, தாமான் வீட்டு வாசல்களில் நிற்பது. இந்தத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ சதுப்புக் காடுகளில் தானாக வளரும் மரம். அது சாக உறைபனியே வேண்டாம். இரவு வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கி அப்படியே சில நாள் நின்றால் மட்டை கறுத்துத் துவண்டுவிடும். தண்ணீர் உறைய இன்னும் 10 டிகிரி பாக்கி இருக்கும்போதே கதை முடிந்துவிடுகிறது. தென்னையும் ஏறத்தாழ அந்த ரகம்தான். சுழியம் வரை காத்திருக்காது.

மறுபக்கம் பாருங்கள். சீனத்துக் காற்றாடிப் பனை, தாவரவியலில் டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனியை, மைனஸ் 15 வாக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்திய ராபர்ட் ஃபார்ச்சூன்தான் 1849இல் இதையும் லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்; பெயரிலும் ஒட்டிக்கொண்டார். அமெரிக்கத் தென்கிழக்கின் ஊசிப்பனை மைனஸ் 20ஐயும் பார்த்த மரம். கேனரித் தீவுப் பேரீச்சைக்கு மைனஸ் 7, 8தான் எல்லை. ஒவ்வொன்றுக்கும் கோடு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஆக எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பது குளிர்தான். பனி அதில் ஒரு பகுதி.

‘போர்வை’யும் போதாது. என் மகள் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறாள். அவள் வீட்டில் ஆள் உயரக் கேனரிப் பேரீச்சை ஒன்று. கட்டுவதை வீடியோவில் காட்டினாள். மெத்தென்ற கயிறு எடுத்து, கீழ் மட்டையிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறாள். மட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து குருத்தைச் சூழ்ந்துகொள்கின்றன. அவசரப்பட்டு இழுத்தால் காம்பு முறியும். நடுவில் காய்ந்த வைக்கோல். அதன்மேல் காற்றுப் புகும் வெள்ளைத் துணி, நாற்றங்காலுக்குப் போர்த்துவார்களே, அது, இரண்டு சுற்று. தலையில் மட்டும் மழைநீர் இறங்காதபடி ஒரு மூடி. பிளாஸ்டிக்கைச் சுற்றவே கூடாது. உள்ளே வேர்த்து அழுகும். கடுங்குளிர் வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் பழைய லிப்லாப் விளக்குச் சரத்தை உள்ளே சுற்றிவிடுகிறாள், குண்டு பல்பு வைத்தது. இப்போது விற்கும் எல்இடி சரம் வெளிச்சம் தரும், மரத்துக்கு வேண்டிய சூட்டைத் தராது.

கட்டு, அடைப்பு, துணி, மூடி, சூடு, அடியில் சருகு பரப்பும் மூடாக்கு. இத்தனையையும் ‘போர்வை’ என்ற ஒரு சொல்லுக்குள் திணிக்க முடியாது. ‘காப்பு’ தாங்கும். என் வாக்கு குளிர்காப்புக்கு.

* * *

அனுப்பியது: பெஸ்தாரி ஜெயா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் செம்பனைத் தோட்டத்துல மண்டோரா, அதாவது வேலையாளுங்களைப் பார்த்துக்கிறவனா, இருந்து ஓய்வு பெற்றவன். குளிர் பத்தி எனக்குத் தெரியாது, பனை பத்திக் கொஞ்சம் தெரியும்.

நீங்க எல்லாம் மட்டையையும் துணியையும் பேசுறீங்க. மட்டை போனா போகட்டும், வேற வரும். மா மரத்துல கொம்பு ஒடிஞ்சா பக்கத்துல துளிர்க்கும். பனை சாதிக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஒத்தைத் தண்டு மரத்துக்கு வளர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், உச்சியில உள்ளுக்குள்ள இருக்கிற குருத்து. அது செத்தா மரம் செத்துச்சு. தூரு கட்டி வளர்ற சாதியில மட்டும்தான் பக்கத்துத் தண்டு பிழைக்கும்.

அது செத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? வெளியில பார்த்தா மட்டையெல்லாம் பச்சையாத்தான் இருக்கும். நடுவுல விரியாம ஈட்டி மாதிரி நிக்கிற குருத்தோலையைப் பிடிச்சு லேசா இழுத்துப் பார்க்கணும். நல்ல மரம்னா அசையாது. கெட்டுப்போச்சுன்னா சத்தமே இல்லாம கையோட வந்துடும், அடி பழுப்பா, கொழகொழன்னு, நாத்தம் தாங்காது. குருத்து உருவிக்கிச்சுன்னு சொல்லுவோம். எங்களுக்கு அது வண்டாலயும் அழுகல் நோயாலயும் வரும். அவங்களுக்குக் குளிருக்கு அப்புறம் வருதுன்னு செந்தூல் டீச்சர் அனுப்பின கட்டுரையில படிச்சேன். காரணம் வேற, மரம் படுற பாடு ஒண்ணுதான். அப்படி ஆனாலும் உடனே வெட்டிடக் கூடாது. அழுகினதை வழிச்சு எடுத்துட்டு, தாமிர மருந்து ஊத்தி, மழை படாம விட்டா சில மரம் திரும்பி வரும்.

அதனால காப்பாத்துறது எதையோ அது பேர்லயே இருக்கட்டும். குருத்துக்காப்பு.

சும்மா ஒண்ணு சொல்றேன். இந்த நாட்டுல முதல்ல வியாபாரத்துக்குச் செம்பனை நட்டது 1917இல், எங்க பக்கத்துத் தென்னமரம் தோட்டத்துல. தோட்டத்துக்குப் பேரு தென்னமரம், நட்டது செம்பனை! தமிழ்நாட்டுல அதை எண்ணெய்ப்பனைங்கிறாங்க. நாம செம்பனைங்கிறோம். பழத்தைப் பார்த்தவன் வச்ச பேரு, நிலைச்சுப்போச்சு.

* * *

அனுப்பியது: செந்தூல், கோலாலம்பூர்

மண்டோர் ஐயா எழுதியதை எங்கள் பள்ளித் தோட்டக் கழகத்துக்கு அச்சடித்துக் கொடுக்கப் போகிறேன். சொல்லை மட்டும் ஏற்கத் தயக்கம்.

குருத்துக்காப்பு என்றால் தென்னை வைத்திருக்கும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காண்டாமிருக வண்டு. மட்டை இடுக்கில் மணலோடு நாப்தலீன் உருண்டை வைப்பதும் குருத்துக்காப்புதானே? எதிலிருந்து காக்கிறோம் என்பது சொல்லில் இல்லாவிட்டால் ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை வந்துவிடும். அடிமண்ணில் மூடாக்குப் போட்டு வேரைக் காப்பது இதில் அடங்கவும் இல்லை.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே வழக்கு உண்டா என்று தேடினேன். ஊட்டி தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் மலர்ச்செடிகளை கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைக்கிறார்கள். அழகான வேலை. ஆனால் செய்திகளில் ‘மிலார் கொண்டு பாதுகாப்பு’ என்று வினையை விவரிப்பதோடு நிற்கிறது. எடுத்தாளும்படி பெயர்ச்சொல்லாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இனி குளிர்காப்பு. ஒற்றில்லாமல் எழுதினால் குளிர்காற்று, குளிர்காலம் போல வினைத்தொகையாகிவிடும். குளிர்கிற காப்பு என்று பொருள். ‘குளிரிலிருந்து காப்பு’ என்பது வேற்றுமைத் தொகை, ஒற்று மிகும். மோர்க்குழம்பு என்றுதானே எழுதுகிறோம்? குளிர்க்காப்பு என்று எழுதுங்கள். அப்படியும் ‘குளிரைக் காப்பது’ என்று ஒருவர் ஐஸ் பெட்டிக்குக் கொண்டுபோகலாம். அதற்கு நான் கவலைப்படவில்லை. தீக்காப்பு என்றால் தீயைப் பத்திரமாக வைப்பது என்று யாரும் படிப்பதில்லை. மின்காப்பு பாடநூலில் எத்தனையோ ஆண்டாக இருக்கிறது. எது ஆபத்தோ அது முன்னே, காப்பு பின்னே என்ற வரிசை பழகியாயிற்று.

* * *

அனுப்பியது: ஜார்ஜ்டவுன், பினாங்கு

டீச்சரின் ஒற்றோடு எனக்குச் சம்மதம். ஆனால் பெயரை மட்டும் வைத்துவிட்டு நிற்க வேண்டாம். வினை என்ன போடப் போகிறோம்? ‘குளிர்க்காப்பு செய்தல்’, ‘அளித்தல்’, ‘வழங்குதல்’ என்று எழுதினால் அரசாங்கச் சுற்றறிக்கைதான் வரும். காப்புக்குத் தமிழில் சொந்த வினை இருக்கிறது: கட்டுதல். அதற்கு இணையும் இருக்கிறது: அவிழ்த்தல்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர்கள் காப்புக் கட்டுகிறார்கள். நேர்த்தி முடிந்ததும் அவிழ்க்கிறார்கள். கட்டியவர் அவிழ்க்காமல் திரிவதில்லை. காப்புக் கட்டியாயிற்று என்று காதில் விழுந்தவுடனே, இது கொஞ்ச காலத்துக்கு, பிறகு அவிழ்க்கும் நாள் ஒன்று உண்டு என்பது தமிழ்க் காதுக்குத் தானாக விளங்கிவிடும்.

பனை விஷயத்தில் அந்த இரண்டாம் பாதியைத்தான் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். நவம்பரில் கட்டுவதில் இருக்கும் சுறுசுறுப்பு மார்ச்சில் அவிழ்ப்பதில் இல்லை. வெளியே இதமாகி, மழையும் பெய்து, உள்ளே வைக்கோல் ஈரமாகவே கிடந்தால் மண்டோர் ஐயா சொன்ன அந்தக் கொழகொழப்பு குளிரே இல்லாமல் வந்துவிடும். நடுவில் நாலு நாள் வெயில் அடித்தால்கூட மேல்பக்கத்தைத் திறந்து காற்று வாங்க விட்டு, திரும்பக் கட்ட வேண்டும். மகள் வீட்டுத் தெருவில் கட்டியது கட்டியபடியே கோடைவரை நின்ற மரம் ஒன்று உண்டு. பிரித்தபோது குருத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, துணியோடு வந்துவிட்டது. ‘பாதுகாப்பு’, ‘தடுப்பு’ எல்லாம் எப்போதும் நல்லது என்று ஒலிக்கும் சொற்கள். இந்த வேலை அப்படிப்பட்டதல்ல.

* * *

அனுப்பியது: பட்டர்வொர்த்

மரத்துக்கும் விரதமா? சரி, அது ஏற்கெனவே சைவம்தான். பனிக்காப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சொல்லடைவு எல்லாச் சமயத்தாருக்குமானது. கோயில் வாடையை விளக்கத்தில் கொண்டுவராதீர்கள். கட்டு, அவிழ் என்ற வினை மட்டும் போதும்.

* * *

அனுப்பியது: பெஸ்தாரி ஜெயா

கட்டுறது, அவுக்குறது. இது நல்லாயிருக்கு. என் பேரனுக்கும் புரியும். குருத்துக்காப்பு போனாலும் பரவாயில்ல, குருத்து உருவிக்கிறதுக்கு ஒரு இடம் கொடுங்க. அதுக்கு இங்கிலீஷ்காரன் பேர் வச்சிருக்கான்னா நமக்கும் இருக்கணும்.

* * *

அனுப்பியது: சொல்லடைவுத் தொகுப்பு, பிரிக்ஃபீல்ட்ஸ்

நன்றி. பதிவுகள் இப்படிப் போகின்றன:

குளிர்க்காப்பு: குளிர் தாங்காத மரஞ்செடிகளுக்குக் குளிர் மாதங்களில் மட்டும் செய்யப்படும் கட்டு, அடைப்பு, போர்வை, மூடாக்கு, சூடேற்றல் ஆகியவற்றின் தொகுதி. பனி இல்லாத குளிருக்கும் பொருந்தும். வினை: குளிர்க்காப்புக் கட்டுதல், குளிர்க்காப்பு அவிழ்த்தல். இரண்டு வினைகளும் தனித்தனிப் பதிவாகவே வரும்; அவிழ்த்தலின் விளக்கத்தில் ‘இதமான நாட்களில் இடையிடையே திறத்தலும் அடங்கும்’ என்று சேர்க்கிறேன்.

குருத்து உருவல்: உள்குருத்து அழுகியதால் விரியாத குருத்தோலை இழுத்தவுடன் கழன்று வருதல். குளிர், வண்டு, நோய் எதனால் வந்தாலும் இதே சொல்.

குளிர்தாங்கு திறன், குளிர்தாங்காப் பனை இரண்டையும் யாரும் எதிர்க்கவில்லை, சேர்த்துக்கொண்டேன்.

‘பனை’ என்பதை முழுக் குடும்பத்துக்கும் பொதுப்பெயராக ஆளலாமா, அல்லது அது நுங்கு காய்க்கும் மரத்துக்கு மட்டும்தானா என்று இரண்டு பேர் தனியே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இந்த இழையில் வேண்டாம். நாளை புது இழை தொடங்குகிறேன். செம்பனை, ஊசிப்பனை, காற்றாடிப் பனை மூன்றையும் அங்கே சாட்சிக்குக் கூப்பிடலாம்.