முழங்கால் அறுவைக்குப் பிறகும் காலை நீட்ட முடியவில்லை

கேள்வி (மேற்கு மாம்பலம்):
மூட்டில் எலும்பு முள் என்னும் கூடுதல் எலும்பு வளர்ந்து, குருத்தெலும்பும் தேய்ந்துவிட்டதால், என் தாயாருக்குச் சென்ற மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. முள்ளை அகற்றிய பின்னரும் காலை முழுமையாக நீட்ட முடியவில்லை. வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே உறங்குகிறார். எங்கள் வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. மற்றொரு முழங்காலிலும் முள் இருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிகிறது.

மறுமொழி (அடையாறு, பிசியோதெரபிஸ்ட்):
முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். மடங்கிய நிலையிலேயே கால் கிடந்தால் பின்புறத் திசுக்கள் இறுகி, பிறகு நீட்டுவது பெரும்பாடாகிவிடும். அதற்குப் பதிலாக, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தன் எடையாலேயே தாழும்படி சில நிமிடங்கள் விட்டு, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தச் சொல்லுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

மறுமொழி (பெரம்பூர்):
என் தந்தையாருக்குப் பயிற்சியைவிட, தரையில் சம்மணமிட்டு உண்ணும் வழக்கத்தை விடுவதுதான் கடினமாக இருந்தது. உயரமான நாற்காலியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கட்டாயம் வேண்டும்.

மறுமொழி (அடையாறு):
மற்ற முழங்காலைப் பற்றி: தேயும் மூட்டின் விளிம்பில் உடலே வளர்க்கும் எலும்புதான் முள். அது பலருக்கு வலியே தருவதில்லை; அதைக் கரைக்கும் மாத்திரையும் இல்லை, விளம்பரங்கள் என்ன சொன்னாலும் சரி. எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து அடுத்த அறுவைக்கு அவசரப்பட வேண்டாம். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும் என்பதால், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.